இடக்கைக்கு ஒரு கத்தி

நந்தனாவை ராணுவப் பயிற்சிக்கு வரச் சொல்லி உத்தரவு வந்த அன்றைக்கே மஸ்கட்டிலிருந்து அவள் அப்பா ராஜகுமாரின் குரல் பதிவும் வந்தது. அது நந்தனாவுக்கு வரவில்லை. அக்கா ஆதிராவின் கைபேசிக்கு வந்திருந்தது.

“மக்களே, தங்கச்சி போவதுக்கு முந்தி அவளுக்கு நல்லதா ஒரு கத்தி வாங்கிக் குடு. எனக்க வகையா இருக்கட்டு. மத்த சாமானமெல்லாம் அம்மா பாத்துக்கிடுவா. கத்தி மட்டும் நீ பாத்து எடு. உனக்குத்தான் அதுக்க காரியமெல்லாம் தெரியும்.”

ஆதிரா அதை மறுபடியும் ஒருமுறை கேட்டாள். பட்டாளத்துக் காரியம் தெரியும் என்று அவளிடம் யாராவது சொல்லி வெகுநாள் ஆகியிருந்தது.

ராணுவத்தில் சேர வேண்டும் என்று முதலில் ஆசைப்பட்டவள் ஆதிராதான். அருமனைப் பள்ளி மைதானத்தில் விடிகாலையில் தனியாக ஓட முடியாது என்று தங்கையையும் எழுப்பிக் கூட்டிப் போனாள். துணைக்கு வந்த நந்தனா, போகப் போக அக்காவைத் தாண்டி ஓடத் தொடங்கினாள். இருவரும் ஒன்றாகவே தேர்வுக்குப் போனார்கள். ஓட்டத்தில் இருவருக்கும் குறையில்லை. உயரம் தாண்டும்போது ஆதிராவின் குதிகால் பட்டுக் கம்பு விழுந்தது. நந்தனா தாண்டிவிட்டாள். அடுத்த தேர்வுக்குள் ஆதிராவுக்கு வயது கடந்துவிடும். இப்போது அவள் மார்த்தாண்டத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். யார் முகத்துக்கு எந்தக் கண்ணாடி பொருந்தும் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். அந்த வேலை அவளுக்குப் பிடிக்காமலும் இல்லை.

பிடிக்காதது வீட்டில் நடந்தது. ஆதிரா உள்ளே வந்தால் நந்தனா பயிற்சிப் பேச்சை நிறுத்திவிடுவாள். புதிதாக வாங்கிய ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அம்மா ஓமனாவும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். நோயாளி இருக்கும் வீட்டில் நடமாடுவதுபோல் இருவரும் நடந்துகொண்டார்கள். தேர்வில் தோற்றதைவிட இது ஆதிராவை வருத்தியது. அதனால்தான் அப்பா நேராகக் கேட்டது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் அப்பா சில படங்களும் அனுப்பினார். எல்லாம் முழங்கை நீளக் கத்திகள். ஒன்றின் முதுகில் ரம்பம்போல் பற்கள். இன்னொன்றின் பிடியில் திசைகாட்டி பதித்திருந்தது. ஓமனா படங்களைப் பார்த்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“இத வச்சு அவ ஆரக் குத்தப் போறா? சண்டைக்கிண்ணா அங்க துப்பாக்கி குடுக்க மாட்டாவளா?”

ஆதிராவுக்கும் அதே சந்தேகம் இருந்தது. அவர்கள் ஊர்க்காரி பெபிஷா முந்தைய ஆண்டு இதே பயிற்சியை முடித்தவள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

பெபிஷா சிரித்தாள். “பெரிய கத்தியா? வாசல்லயே பெட்டியத் தொறந்து பாப்பாவ. எங்க கூட வந்த ஒருத்தி கொண்டு வந்தா. அப்பமே வாங்கி வச்சிட்டாவ. சின்ன மடக்குக் கத்தி போதும் கேட்டியா. அதுக்கு ஒண்ணும் சொல்லல்ல.”

“சின்னத வச்சு என்ன செய்வ?”

“என்ன செய்யல்லண்ணு கேளு. உடுப்புல நூலு பிரிஞ்சி நிக்கும். அத வெட்டாம போனா ஏச்சு. ஷூவுக்க அடியில சேறு ஒட்டும். வீட்டுல இருந்து பார்சல் வரும். ஆப்பிள் ஒண்ணு கெடச்சா நாலு பேருக்கு வெட்டணும். ராத்திரி கூடாரம் கட்டும்போ கயிறு அறுக்கணும். மழையில, இருட்டுல, ஒத்தக் கையில தொறக்க முடியணும். அதுதான் முக்கியம்.”

ஆதிரா அன்று மாலையே மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் மடக்குக் கத்தி ஒன்று எடுத்தாள். கறுப்புப் பிடி, ஒல்லியான அலகு. அலகில் இருந்த சிறு குமிழைப் பெருவிரலால் தள்ளினால் ‘டக்’ என்று திறந்தது. திறந்ததும் உள்ளே ஒரு மெல்லிய தகடு வந்து அலகு மடங்காமல் பிடித்துக்கொண்டது. அந்தத் தகட்டைத் தள்ளினால் மடக்கலாம். கடையில் நின்றே பத்துத் தடவை திறந்து மூடினாள். கையில் ஒட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்தாள். நந்தனாவின் முகம் மலர்ந்தது.

“அக்கா, சூப்பரா இருக்கு.”

“தொறந்து பாரு.”

நந்தனா எடுத்தாள். திறக்கவில்லை. கொஞ்சம் திரும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பதுபோல் நின்றுகொண்டாள். அலகு திறந்த சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வர நேரமானது. பிறகு மெதுவாக அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள்.

ஆதிரா பின்னாலேயே போனாள். தங்கையின் இடது ஆட்காட்டி விரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“சும்மா ஒரு கீறல்தான். கத்தி நல்ல கத்தி.”

ஆதிரா குழாயருகில் வைத்திருந்த கத்தியை எடுத்துத் தன் இடது கையில் பிடித்துப் பார்த்தாள். பெருவிரலுக்கு எட்ட வேண்டிய குமிழ் மறுபக்கத்தில் இருந்தது. பூட்டுத் தகட்டை விடுவிக்கப் பெருவிரல் எட்டவில்லை. ஆட்காட்டி விரலை வளைத்துத்தான் தள்ள வேண்டும். தள்ளினால் அந்த விரல்மேலேயே அலகு வந்து விழும்.

நந்தனா சோறு தின்பதும் கை கொடுப்பதும் மட்டும்தான் வலது கையால். அது அம்மா அடித்துப் பழக்கியது. எழுதுவது, வெட்டுவது, பந்து எறிவது எல்லாம் இடது கை. வீட்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதும்போது இருவரின் முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும். கடையில் தன் வலது கையால் திறந்து பார்த்தபோது ஆதிராவுக்கு அது நினைவுக்கு வரவில்லை.

“பிடிக்கல்லேண்ணா பிடிக்கல்லேண்ணு சொன்னா என்ன?” என்று ஆதிரா கேட்டாள்.

“நீ தேடி வாங்கிட்டு வந்தது. எப்பிடிச் சொல்ல?”

“வெரலு போனாலும் சொல்ல மாட்டியா?”

ஆதிரா டெட்டால் எடுத்து வந்தாள். பஞ்சை வைத்து அழுத்தியபடியே சொன்னாள். “நாளைக்கு நான் லீவு. கோட்டாத்துக்குப் போவோம். நீயும் வா. உனக்க கைய இஞ்ச வச்சிட்டு நான் மட்டும் போயி ஒண்ணும் ஆவப் போறதில்ல.”

தேர்வு முடிந்த பிறகு இருவரும் சேர்ந்து வெளியே போவது அதுதான் முதல் தடவை. நாகர்கோவில் பேருந்தில் இருக்கை கிடைத்தும் தக்கலை வரை பேச்சு ஓடவில்லை. வில்லுக்குறி தாண்டியபோது, ஜன்னல் பக்கம் இருந்த நந்தனா வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“அக்கா, உனக்கு எனக்க மேல கோவம் உண்டா?”

“கோவம் இல்ல.”

“பொறவு?”

“பொறாம இருந்துது. இப்பமும் கொஞ்சம் உண்டு. அதுக்கு நான் என்ன செய்ய? ஆனா நீயும் அம்மையும் ஒளிச்சு ஒளிச்சுப் பேசுதியளே, அதுதான் தாங்கல்ல. ஷூவ எதுக்குட்டீ கட்டிலுக்க அடியில வைக்க?”

“நீ பாத்தா சங்கடப்படுவண்ணு...”

“நாளையிலிருந்து அத வெளிய வை. போட்டு நட. புது ஷூவ அங்க போயி மொதல்ல போட்டா காலு பொத்துப் போவும். இதுகூடத் தெரியாம பட்டாளத்துக்குப் போறா.”

நந்தனா சிரித்துவிட்டாள். பிறகு நாகர்கோவில் வரும்வரை அவள் வாய் ஓயவில்லை. எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், முடியை எந்த அளவுக்கு வெட்டுவார்கள், இந்தி தெரியாமல் என்ன செய்வது என்று ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கேட்டாள். தெரிந்ததற்கு ஆதிரா பதில் சொன்னாள். தெரியாததற்கு இருவரும் சேர்ந்து பயந்தார்கள்.

நாகர்கோவிலில், கோட்டாற்றுக் கடைத்தெருவில் மைதீன் கனியின் இரும்புக் கடை குறுகலாக உள்ளே நீண்டு போகும். கண்ணாடிப் பெட்டிக்குள் கத்திகள் வரிசையாக இருந்தன. அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஆதிரா விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து நந்தனாவைப் பார்த்தார்.

“பட்டாளத்துக்கா? நல்லா இரு மக்களே. ஆனா எடக்கைக்குண்ணு தனியா கத்தி எங்கிட்ட இல்லியே. இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. நானும் யோசிச்சதில்ல.”

“இருக்கிறதை எல்லாம் எடுத்துப் போடுங்கண்ணா. நாங்க பாத்துக்கிடுதோம்” என்றாள் ஆதிரா.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். ஆதிரா தன் பையிலிருந்து ஒரு துண்டுக் கயிறும் இரண்டு கொய்யாக்காயும் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் எடுத்து வைத்தாள். மைதீன் கனிக்குச் சிரிப்பு வந்தது. “கடையில வச்சே வெட்டிப் பாக்கப் போறியளா?”

“வாங்குறத வச்சு மட்டும்தான் வெட்டுவோம்.”

முதலில் ஆதிரா பார்த்தாள். கத்தியைத் திறந்து, அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தாள். ஆடியதையெல்லாம் தள்ளி வைத்தாள். திறந்த கத்தியின் முதுகை ஒரு மரக்கட்டையில் தட்டினாள். பூட்டு நழுவி மடங்கியதையும் தள்ளி வைத்தாள். மிஞ்சியதை நந்தனா இடது கையில் எடுத்தாள். ஆதிரா அவள் கைமேல் தண்ணீரை ஊற்றினாள்.

“கண்ண மூடிக்கோ. தொற.”

ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று திறந்தது, மூடும்போது விரல் குறுக்கே வந்தது. இன்னொன்றின் பிடி ஈரத்தில் வழுக்கிக் கீழே விழுந்தது. மைதீன் கனி உள்ளே போய், மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்தார்.

“இத ஒருத்தரும் எடுக்க மாட்டாவ. பாக்க ஒரு லெட்சணமும் இல்ல. பிடியப் பாத்தா செங்கல்லு மாதிரி. எதுக்கும் பாரு.”

கத்தி சொன்னபடியே அழகில்லாமல்தான் இருந்தது. சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான தடித்த பிடி. அலகில் பெருவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. துளை என்பதால் எந்தப் பக்கத்திலிருந்தும் விரலை வைக்கலாம். பூட்டும் பக்கவாட்டில் இல்லை. பிடியின் முதுகில் இருந்தது. எந்தக் கையால் பிடித்தாலும் அதை அழுத்தலாம்.

ஆதிரா அலகை அசைத்தாள். ஆடவில்லை. கட்டையில் தட்டினாள். மடங்கவில்லை. நந்தனாவின் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துத் தள்ளினாள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று ஓமனா சொல்லிச் சொல்லி, அவர்களுக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது.

நந்தனா கண்ணை மூடிக்கொண்டாள். ஈரக்கையால் திறந்தாள். மூடினாள். திறந்தாள். கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள். “அக்கா, இதுதான்.”

“நல்லாப் பாத்துச் சொல்லு. எனக்காகச் சொல்லாத.”

“பாக்காமத்தான் சொல்லுதேன்.”

கயிறு ஒரே இழுப்பில் அறுந்தது. கொய்யாக்காயை நந்தனா நான்காக வெட்டி ஒரு துண்டை மைதீன் கனிக்குக் கொடுத்தாள். அவர் தின்றுகொண்டே மீதிக் கத்திகளைத் திரும்பத் தன் இடது கையில் எடுத்துத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தன வருசமா விக்கேன், இப்பிடி ஒரு காரியம் உண்டுண்ணு இண்ணைக்குத்தான் பாக்கேன்” என்றார். இன்னும் ஒரு கத்தி இடது கைக்குச் சரிவருவதைக் கண்டுபிடித்து அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

வெளியே வந்து ஒரு கடையில் இருவரும் ரசவடையும் சாயாவும் சாப்பிட்டார்கள். மார்த்தாண்டத்தில் வாங்கிய கறுப்புக் கத்தியை என்ன செய்வது என்று நந்தனா கேட்டாள்.

“அது எனக்கு” என்றாள் ஆதிரா. “எனக்க கைக்கு அது நல்லாத்தான் இருக்கு.”

கிளம்பும் நாளில் குழித்துறை ரயில் நிலையத்துக்கு மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். முற்பகலில் பெங்களூர் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ். ஓமனா சிப்ஸ் பாக்கெட்டுகளை எண்ணாமல் பெட்டியில் திணித்திருந்தாள். ஒரு வாரமாகப் போட்டு நடந்ததில் ஷூ காலுக்குப் படிந்திருந்தது. வண்டி நகரும் வரை ஓமனா அழவில்லை. நகர்ந்த பிறகும் கொஞ்சம்தான் அழுதாள். ஆதிரா அழவில்லை. வண்டி கண்ணுக்கு மறையும் வரை கையசைத்துவிட்டு, அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்தே கடைக்குப் போனாள். அன்று பிற்பகல் மூக்குக் கண்ணாடியே வேண்டாம் என்று அடம்பிடித்த ஒரு தலைமையாசிரியருக்குப் பொருத்தமான ஒன்றை அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் முகம் பார்க்கும் கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு ஞாயிறு கழித்து நந்தனா கூப்பிட்டாள். ஓமனாவும் ஆதிராவும் கைபேசியை நடுவில் வைத்துக்கொண்டார்கள்.

“வாசல்ல கத்திய எடுத்துப் பாத்தாவ. அளந்து பாத்திட்டுத் திருப்பித் தந்தாவ. உள்ள போன அண்ணைக்கே ஒரு அசாம்காரிக்குப் பெட்டியில கட்டின கயிறு அவிழல்ல. நான்தான் அறுத்துக் குடுத்தேன். அவ எனக்க அடுத்த கட்டிலு. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இந்தி தெரியாது. ஆனாலும் நல்லாப் பேசுதோம்.”

“சாப்பிடுதியா?” என்றாள் ஓமனா.

“நல்லா சாப்பிடுதேன். ரொட்டி, ரொட்டி, பொறவும் ரொட்டி. நான் வந்த அண்ணைக்கே சிப்ஸ் தீந்து போச்சு. அறையில உள்ள எல்லாரும் நீங்க நல்லா இருக்கணும்ணு சொன்னாளுவ.”

“ஓட்டம் எப்பிடி?” என்றாள் ஆதிரா.

“மொத மூணு பேருல வருதேன் அக்கா. கயிறு ஏறுததுதான் வரமாட்டேங்குது. கை வழுக்குது.”

“கையால ஏறாத. ரெண்டு காலயும் கயித்துல பின்னிப் பிடி. காலால தள்ளு, கை சும்மா பிடிச்சாப் போதும். நாளைக்குச் செய்து பாத்திட்டு அடுத்த ஞாயிறு சொல்லு.”

“செரி அக்கா. போனுக்கு வரிசையில ஆளு நிக்காவ. வச்சிருதேன்.”

ஓமனா கைபேசியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். பிறகு, “கொரலு தெளிஞ்சிருக்கு, இல்லியா?” என்றாள்.

“ஆமா” என்றாள் ஆதிரா. அடுக்களையில் கப்பைக்கிழங்கு வெந்து மணம் வந்தது. மீன்கறியை இறக்கி வைத்துவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.