தபாலில் வந்த பல்செட்டு

அல்பினா வோந்த்ரா லிங்கன் நகரத்தின் அந்தத் தெருவைக் காலையிலிருந்து மூன்றாவது முறையாகக் கடந்தாள். இந்தப் பக்கம் நெப்ராஸ்கா மாநில அலுவலகம், அந்தப் பக்கம் மத்திய அரசின் தபால் ஆய்வாளர். நடுவில் மண்டையைப் பிளக்கும் ஆகஸ்டு வெயில். அவள் கைப்பையில், துணியில் சுற்றிய புருஷனின் பல்செட்டு.

லாடிஸ்லாவ் மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். வாயைத் திறந்தால் கிழட்டுப் பசுவுக்குக்கூட விலை ஏறும். பல்லெல்லாம் போன பிறகு காற்றுதான் வந்தது. அந்தச் சமயம் பார்த்துத் தபாலில் விளம்பரம் வந்தது. மெழுகு அனுப்புகிறோம், வீட்டிலேயே அச்சு எடுத்துத் திருப்பி அனுப்புங்கள், டாக்டர் செலவில்லாமல் சிகாகோவிலிருந்து பல் தேடி வரும் என்றது. முட்டை விற்றுச் சேர்த்த காசையெல்லாம் அல்பினா அனுப்பினாள்.

பல்லும் வந்தது. முதல் ஏலத்திலேயே மேல்வரிசை பறந்து போய்க் கன்றுக்குட்டியின் முதுகில் விழுந்தது. கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. சந்தை முதலாளி மட்டும் சிரிக்கவில்லை.

"செப்டம்பர் சந்தைக்குள்ள வாயைச் சரி பண்ணிக்கோ லாடி. இல்லேன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கம்பெனியோ, பழகப் பழகச் சரியாகிவிடும் என்று எழுதிக் கைகழுவியது. அந்தக் காசு திரும்பினால்தான் ஊர்ப் பல் டாக்டரின் வாசலை மிதிக்க முடியும். அதற்குத்தான் இந்த அலைச்சல்.

மாநில அதிகாரி ஹார்கிஸ் காலையிலேயே கையை விரித்துவிட்டார். "விளம்பரம் தபால்ல வந்திருக்கும்மா. தபால் மத்திய அரசோடது. நான் அதுல கை வச்சா என்னையே உள்ள தள்ளிடுவாங்க."

தபால் ஆய்வாளர் டட்டில் அதைவிட நயமாகப் பேசினார். "பல் அனுப்புறோம்னு சொன்னாங்க, அனுப்பிட்டாங்க. அனுப்பாம ஏமாத்தியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். பொருந்தலேன்னா அது வைத்தியம். வைத்தியம் எதிர்ப்பக்கத்து மாநில ஆபீஸ் வேலை."

"அந்தாளு உங்க வேலைங்கறாரு!"

"அவரு அப்படித்தான் சொல்வாரு."

அல்பினாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுபடி ஹார்கிஸின் மேஜை மேல் பல்செட்டை டக்கென்று வைத்தாள்.

"வைத்தியமாம். வைத்தியம் உங்களுதாம். இப்ப என்ன சொல்றீங்க?"

ஹார்கிஸ் யோசித்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. "இருங்க, இருங்க. வாய்க்குள்ள மெழுகு வச்சு அச்சு எடுத்தது எங்க?"

"எங்க வீட்டு அடுப்படியில."

"அப்ப நெப்ராஸ்காவுலதான்! லைசென்ஸ் இல்லாம பல் வைத்தியம் பாக்கறது இங்க குத்தம். இதுல எந்தக் கொம்பனும் குறுக்க வர முடியாது." பேனாவைத் திறந்தார். "யாரு எடுத்தது?"

அல்பினா அவரையே பார்த்தாள். "நான்தான்."

பேனா அப்படியே நின்றது.

"சரி, என் மேலயே கேஸ் போடுங்க," என்றாள். "கோர்ட்டுல நிக்கறேன். எவன் சொல்லிக்குடுத்து எடுத்தேன்னு சொல்றேன். அவனையும் கூப்பிடுங்க."

"சிகாகோ வேற மாநிலம். அங்க இருக்கறவனை இங்க இழுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. அபராதம் உங்களுக்கு மட்டும்தான் விழும்." பேனாவை மூடினார். "நான் எதையும் கேக்கலேன்னு வச்சுக்கறேன். வீட்டுக்குப் போங்க."

பெரிய உபகாரம் செய்துவிட்டவர் போல எழுந்து கதவை வேறு திறந்துவிட்டார். இரண்டு அரசாங்கமும் சேர்ந்து தேடியதில் அகப்பட்ட ஒரே குற்றவாளி அவள்தான்.

வெளியே டிரக்கில் லாடிஸ்லாவ் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகல. வண்டியை எடுங்க," என்றாள். அழக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் சந்தையில் வேறொருவன் கூவினான். இளவட்டம், முத்துமுத்தான பல். லாடிஸ்லாவ் வாங்குகிறவர்களின் வரிசையில் பல்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வராதீங்கன்னு சொன்னேனே," என்று அல்பினா முணுமுணுத்தாள். அவர் காதில் விழவில்லை. ஏல வளையத்துக்குள் முதல் காளை வந்தது. விலை ஏறத் தொடங்கியது. அவர் உதடுகளும் கூடவே அசைந்தன. கொஞ்சம்கூடப் பிசகாமல், அந்தப் பையனுக்கு ஒரு விலை முன்னாலேயே போய்க்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை. பக்கத்தில் இருந்த அவளுக்குப் பல்செட்டு கடகடவென்று அடித்துக்கொள்வது கேட்டது.