மூணாவது தண்ணி

வாசல் நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்துகளை முத்துமீனா பிடுங்கி முற்றத்தில் எறிந்துகொண்டிருந்தாள். உள்ளே பாயில் அவளுடைய நாலு வயது மகள் பவதாரிணி மஞ்சள் துணி போர்த்திக் கிடந்தாள். விடிகாலையில் எழுமலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காருக்குள்ளேயே மூச்சு நின்றுவிட்டது.

"ஏ ஆத்தா, அதத் தொடாத," என்றார் மாமனார் கண்ணுச்சாமி. "அம்மை பாத்த வீடு. சத்தம் போட்டு அழவும் கூடாது. அவ கோவிச்சுக்குவா."

"அவ வந்து சொன்னாளா ஒங்ககிட்ட? புள்ளைக்கு நெஞ்சுக்கூடு உள்ள இழுக்குறப்பவே, மூணாவது தண்ணி ஊத்தாம வாசல் தாண்டக்கூடாதுன்னு நீங்கதான் மாமா சொன்னீக. தெனம் அவளுக்கு வெளக்கேத்துறவ நானு. அவ அப்பிடிச் சொல்ல மாட்டா."

அம்மை இறங்கினால் வேப்பிலை போட்ட தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று முறை ஊற்றுவார்கள். அதுவரை வெளியே கொண்டுபோவதில்லை. இரண்டு தண்ணீர் ஊற்றி, தடிப்பு மங்கி, எல்லோரும் நிம்மதியானபோதுதான் குழந்தைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நாள்தானே என்று வைத்திருந்தார்கள். முத்துமீனாவும்தான் வைத்திருந்தாள். அதை நினைக்க நினைக்க அவள் கோபம் எல்லார் மேலும் பாய்ந்தது.

சுவரோரம் குனிந்து உட்கார்ந்திருந்த கணவன் சிவபாண்டியிடம் திரும்பினாள்.

"நீ மட்டும் என்னய்யா? ஒம்பது மாசத்துல ஊசி போட வந்தவுகள, கோயிலுக்குக் காப்புக் கட்டியிருக்கு, ரத்தம் பாக்கக்கூடாதுன்னு திருப்பி அனுப்புன. காப்ப எட்டாம் நாளே அவுத்தாச்சு. பெறகு மூணு வருசமா எவன் கையில கட்டியிருந்துச்சு அது?"

அவன் வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஊசி போடும் சிஸ்டர் வசுந்தரா. பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

"இப்ப எதுக்கு வந்தீக?" என்றாள் முத்துமீனா. "அன்னைக்கே இவுகளோட சண்ட போட்டிருக்கணும்ல நீங்க? அம்புட்டுப் படிச்சிருக்கீகள்ல?"

"போட்டேன் மீனா. பத்தல. இன்னும் போட்டிருக்கணும்."

இந்தப் பதிலை முத்துமீனா எதிர்பார்க்கவில்லை. வசுந்தரா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயருகில் உட்கார்ந்தாள். வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டாள். அம்மை கண்ட உடம்பென்று பாயில் கிடத்தியதிலிருந்து யாரும் தொடாமலிருந்த முகத்தில், இமைகளை ஒட்டியிருந்த பூளையைப் பஞ்சால் நனைத்து நனைத்துத் துடைத்தாள். வலிக்குமோ என்று பயப்படுகிறவளைப் போல மெதுவாகத் துடைத்தாள். முத்துமீனா நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

எழுந்தபோது வசுந்தராவின் கண்ணில் ஒச்சாயி பட்டாள். முத்துமீனாவின் கொழுந்தன் மனைவி. இடுப்பில் பத்து மாத சித்தார்த்.

"இவன் எப்ப வந்தான்?"

"நேத்துப் பொழுதுசாய, வாடிப்பட்டியில இருந்து. பாவிப் புள்ள எப்பிடியிருக்கோன்னு பாக்க வந்தோம்."

"ஒன்பது மாச ஊசி?"

"காது குத்தி முடியட்டும்னு..."

"இந்த வீட்டுக் காத்துலயே இருக்கும்மா அந்தத் தட்டம்மை. இன்னைக்கே போட்டா இவனுக்கு வராமத் தடுக்கப் பாக்கலாம். நாள் தள்ளினா பிரயோசனமில்ல. ஊசிப் பெட்டி வண்டியிலயே இருக்கு."

கண்ணுச்சாமி குறுக்கே வந்தார். "பொணம் கெடக்கு. சாவு வீட்டுல ஊசி குத்துறதா? தீட்டு. மூணாம் நாள் கழியட்டும், நானே கூட்டிட்டு வாரேன்."

ஒச்சாயி பிள்ளையை இறுக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

"கழியட்டும் மாமா," என்றாள் முத்துமீனா. அவள் குரல் தாழ்ந்திருந்தது. "குழி வெட்டப் போனவுகளுக்கு ஒரு போனப் போடுங்க. பக்கத்துலயே இன்னொண்ணு வெட்டி வைக்கட்டும். சின்னதாப் போதும்."

ஒச்சாயியிடம் இரு கைகளையும் நீட்டினாள்.

"குடுடி இங்க."

"அக்கா, பயமா இருக்குக்கா..."

"எனக்கும்தாண்டி. குடு."

பிள்ளையை வாங்கி முற்றத்தில் சம்மணமிட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவன் புதுமுகம் பார்த்துக் கால்களை உதறினான். பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. சிவபாண்டி எழுந்து வந்து மண்டியிட்டு அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணீர் பிள்ளையின் முழங்காலில் விழுந்தது. முத்துமீனா அதைத் துடைக்கவில்லை. வசுந்தரா வலது புஜத்தில் ஊசியைப் போட்டாள். சித்தார்த் வீறிட்டான்.

"அரை மணி நேரம் இங்கயே இருக்கட்டும். நான் பாத்துட்டுத்தான் போவேன்," என்றாள் சிஸ்டர்.

பவதாரிணியைத் தூக்கிப்போக வந்தவர்கள் தெருவில் காத்து நின்றார்கள். கூரைக்கு மேல் ஏறிய வெயில் முற்றத்தில் இறங்கி, விசும்பிக்கொண்டிருந்த பிள்ளையின் முகத்தில் விழுந்தது.

கண்ணுச்சாமி தோளிலிருந்த துண்டை எடுத்தார். வந்து நின்று, இரு கைகளாலும் அதைப் பிள்ளைக்கு மேலே விரித்துப் பிடித்தார். முத்துமீனா நிமிர்ந்து பார்க்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

வெயில் நகர நகர அவரும் நகர்ந்தார்.