சக்கர நாற்காலிக்கு ஒரு சீட்டு

சைகோனின் புது மெட்ரோ ரயிலில் ஒருமுறை போய்வர ஜூலியேத்துக்கு ஆசை. நிலையத்தில் லிஃப்ட் இருந்தது. அந்த லிஃப்டுக்குப் போகத்தான் படி ஏற வேண்டியிருந்தது. கட்டியவன் வீட்டில் நடக்க முடியாதவர் யாருமே இல்லை போலும்.

மொரீஸ் அலுப்போடு மனைவியைத் தூக்கிப் படியில் உட்கார வைத்தார். அவளுடைய சக்கர நாற்காலியைப் பக்கத்திலிருந்த மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கிருந்த காவல்காரன், எல்லா வண்டிக்கும் செய்வதுபோல, அதன் இருக்கையிலும் சாக்பீஸால் ஓர் எண்ணை எழுதிச் சீட்டை நீட்டினான்.

"இதுக்குமா?" என்று வியட்நாமியத்தில் கேட்டார் மொரீஸ்.

"சக்கரம் இருக்கே, தாத்தா."

திரும்பி வந்து மூச்சு வாங்க அவளைச் சுமந்துகொண்டு படியேறினார். ரயிலில் போய்வந்ததும் சீட்டைக் கொடுத்து நாற்காலியை மீட்டு, அவளை அதில் உட்கார வைத்தார்.

மாலையில் வீடு திரும்பி, நாற்காலியிலிருந்து அவளைக் கட்டிலுக்கு மாற்றும்போதுதான் பார்த்தார். அந்த எண் அவள் கவுனின் பின்புறம் வெள்ளையாகப் பதிந்திருந்தது. எரிச்சலோடு தட்டிவிடப் போனார்.

"விடுங்க," என்றாள் ஜூலியேத். "அவ்வளவு பெரிய ஸ்டேஷன்ல என் வண்டிக்கு இடம் கொடுத்தவன் அவன் ஒருத்தன்தான்."