நிப்பாட்டாத கார்

தியாகராசா தன் காரின் பொனற்றைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றதை நான் தற்செயலாகத்தான் கண்டேன். முருங்கையிலை ஒடிக்கப் போனேன். முருங்கை அவருடைய வேலியோரமாக நிற்கிறது, அதற்கு நான் என்ன செய்யமுடியும்? அவருக்குப் பக்கத்தில் மெக்கானிக் லெனாட், கையெல்லாம் கறுப்பெண்ணெய். லெனாட் வீடு தேடி வந்திருக்கிறான் என்றால் விசயம் பெரிது. நான் இலையை ஒவ்வொன்றாக ஒடிக்கத் தொடங்கினேன்.

எங்கள் வளவு அமைந்த இடம் அப்படி. பின்வேலிக்கு அங்கால் தியாகராசா. முன்வாசல் படலைக்கு நேரெதிரே, ஒழுங்கையின் மற்றப் பக்கம், தையல்காரி குணலட்சுமி. பண்டத்தரிப்பிலேயே இவ்வளவு வசதியான வளவு வேறு ஒருவருக்கும் வாய்க்கவில்லை. எங்கள் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து, வளவுக்கு ஊடாக வந்தால், போட்ட வெற்றிலை வாயில் சிவக்க முதல் தியாகராசா குணலட்சுமியின் படலையில் நிற்கலாம். ஆனால் அவர் காரில்தான் போவார். சந்தியால் சுற்றி, கோயிலடியால் திரும்பி, ஊர் முழுக்கக் கேட்கப் போவார். நடந்து போகிற ஆம்பிளையை மறித்து எங்கே போகிறீர்கள் என்று கேட்கலாம். காரில் போகிறவரை யார் மறிப்பது?

ஆள் ஐம்பதைத் தாண்டியும் கலியாணம் கட்டாதவர். தங்கச்சிமாரைக் கட்டிக்கொடுத்து முடிக்கத் தலை நரைத்துவிட்டது. அவர்கள் கனடாவில், இவர் இந்தப் பழைய டீசல் காரோடு இங்கே. ஆசுபத்திரி, சந்தை, கீரிமலை என்று வாடகைக்கு ஹயர் ஓடுவார். குணலட்சுமியின் புருசன் செத்து, அந்தியேட்டிக் கிரியைக்கு அவளைக் கீரிமலைக்குக் கொண்டுபோனதும் இதே கார்தான். அதற்குப் பிறகு அவர் யாழ்ப்பாணம் போய்வரும் போதெல்லாம் அவளுக்கு நூலும் சட்டைத் தெறியும் வாங்கிவந்து கொடுப்பது வழக்கமானது. அவர் கொண்டுவந்த நூலை வைத்து வலிகாமப் பகுதி முழுவதையும் ஓரமடித்துத் தைத்திருக்கலாம்.

அவர் வருவது எல்லோருக்கும் தெரியும். காரின் ஓல்ரனேற்றர், அதுதான் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுகிற சாமான், பழுதாகி நெடுநாள். பெல்ற் சுற்றுகிற அதன் புல்லியும் தேய்ந்து ஆடி, பெல்ற் அதில் உரஞ்சி, சந்தியில் திரும்பும்போதே பன்றிக்குட்டியைப் பிடித்தது போலக் கத்தும். வந்து நின்றாலும் என்ஜினை நிப்பாட்டமாட்டார். டீசல் என்ஜின் ஒருக்கால் பிடித்தால் பற்றறி இல்லாமலே ஓடும், நிப்பாட்டாத வரைக்கும். நிப்பாட்டினால் ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளவேண்டும். ஆகவே கார் ஒழுங்கையில் கடகடவென்று ஓடிக்கொண்டு நிற்கும். உள்ளே குணலட்சுமியின் தையல் மெசின் நிற்கும். படலைக்கு உள்ளே அவள், வெளியே அவர். பிறகு கார் கத்திக்கொண்டு போக, மெசின் மறுபடி தைக்கத் தொடங்கும். குசினிக்குள் இருந்தே நான் எல்லாவற்றையும் பின்தொடர்ந்துவிடுவேன். குறை சொல்லவும் வழியில்லை. ஓடிக்கொண்டு நிற்கிற கார் ஒரு நற்சான்றிதழ், இந்த மனுசன் இப்ப போய்விடுவான் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டே நிற்கும்.

மாரி தொடங்கின கையோடு ஒருநாள் அது அவள் படலையடியிலேயே அணைந்துபோனது. தள்ளுவதற்கு என் மனுசன் இளையதம்பி போனார். மூலைக்கடைச் சுபாஸ் வந்தான். இன்னும் யார் யாரோ வந்தார்கள். நானும் குடையோடு போனேன், தள்ள அல்ல.

"அண்ணையை விடக் கார் விவரமானது," என்றான் சுபாஸ், பின்னுக்குக் கையைக் கொடுத்தபடி. "நிக்கவேண்டிய இடத்திலை நிண்டிட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். தியாகராசாவும் சிரிக்கப் பார்த்தார். குணலட்சுமி சிரிக்கவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு படலைக்கு உள்ளே நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள். அண்ணை என்றும் சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

"இஞ்சை பாருங்கோ. இனி வாறதெண்டால் நிப்பாட்டக்கூடிய காரிலை வாங்கோ. அரைமனசோடை வெளியிலை நிண்டு என்னையும் சிரிப்புக்கு விடாதேங்கோ. ஏலாதெண்டால் நூலைச் சுபாஸின்ரை கடையிலை குடுத்துவிடுங்கோ."

அதன் பிறகு நூல் கடையால் வந்தது. எதிர்வீட்டு மெசின் நிற்காமல் தைத்தது. எனக்கே சமையல் ருசிக்கவில்லை என்றால் பாருங்கள்.

இந்த நிலையில்தான் நான் முருங்கையடியில் கண்ட லெனாட்டும் திறந்த பொனற்றும்.

"பெற்றோல் காரின்ரை ஓல்ரனேற்றர் ஒண்டு கைவசம் இருக்கண்ணை, நல்ல சாமான்," என்றான் லெனாட். "ஆனால் உங்கடைக்குச் சரிவராது. டீசலுக்கு உதின்ரை வாலிலைதான் பிறேக்குக்கான பம்பும் இருக்கும்."

நிற்பதற்கும் அதுதான் வேண்டுமாம். நான் சிரிப்பு வராமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

பொருத்தமான ஒன்று கடைசியில் அரியாலையில் ஒரு பழைய இரும்புக்காரரிடம் அகப்பட்டது. அதில் இருந்த புல்லியோ இந்தப் பெல்ற்றுக்குத் தோதான சாதியில்லை. நான் அன்று உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன்.

"பழைய புல்லியையே கழட்டி இதிலை போடுவம்," என்றான் லெனாட். "சார்ஜ் வடிவா ஏறும். கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான்."

"வேண்டாம். புதுசு தேடு."

"சத்தம்தானே அண்ணை."

"சத்தம்தான்," என்றார் தியாகராசா.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன தியாகராசாண்ணை, காருக்குக் கலியாணமோ?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உதே பெட்சீற்றை மூண்டாந்தரம் காயப்போடுறாய் தங்கச்சி. இன்னும் காயேல்லையோ?"

லெனாட் பொனற்றுக்குள் தலையை விட்டுச் சிரித்தான். இருக்கட்டும்.

புல்லி வந்தது. பூட்டினார்கள். லெனாட் பெல்ற்றைப் பெருவிரலால் அமத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்து இறுக்கினான். அவன் போன பிறகு தியாகராசா தனியே இருந்து காரை ஸ்ராட் பண்ணினார். நிப்பாட்டினார். ஸ்ராட் பண்ணினார். நிப்பாட்டினார். பொழுதுபடும் வரைக்கும் இதே வேலை.

"உந்த மனுசனுக்கு என்ன விசரோ?" என்றார் இளையதம்பி.

"பழகிறார்," என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் முழுக்க நான் சந்திப் பக்கம் காதை வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். கத்தல் கேட்டால் விளக்குமாற்றோடு முன்னுக்குப் போவது என்று திட்டம். கத்தல் கேட்கவேயில்லை. ஏதோ கடகடத்ததை லொறி என்று விட்டுவிட்டேன். பிறகுதான் கேட்டது: எதிர்வீட்டுத் தையல் மெசின் நடுத்தையலில் நின்றது.

கார் வந்துவிட்டதை எனக்கு மெசின் சொல்லவேண்டியதாகப் போயிற்று. இதைவிட மானக்கேடு என்ன இருக்கிறது. ஓடிப் போய்ப் படலையடியைக் கூட்டத் தொடங்கினேன்.

கார் அவள் வாசலில் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. தியாகராசா மடிப்புக் கலையாத சேர்ட்டோடு உள்ளே இருந்தார். நூல்பை ஒன்றையும் காணவில்லை. கடைவாசலுக்குச் சுபாஸ் வந்துவிட்டான். அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவசரப்படாமல் திறப்பைத் திருப்பினார்.

கார் நின்றது. எங்கள் ஒழுங்கையில் இப்படி ஓர் அமைதி இருந்தது எனக்குத் தெரியாது. பொனற்றுக்குக் கீழே சூடு ஆறுகிற டிக் டிக் மட்டும்.

குணலட்சுமி வெளியே வந்தாள். முதலில் காரைப் பார்த்தாள், பிறகுதான் அவரை.

"திருப்பி ஸ்ராட் எடுபடுமோ?"

"எடுபடும்."

"ரோட்டிலை விட்டால் லொறி போகேலாது," என்றாள். "உள்ளுக்கு விடுங்கோ."

அவளுடைய படலைக்கு இரண்டு கதவு. வலதுபக்கக் கதவால்தான் இவ்வளவு காலமும் போக்குவரத்து. இடதுபக்கம் புருசனைக் கொண்டுபோன அன்றைக்குப் பிறகு திறபடவில்லை. கொண்டி துருப்பிடித்து, கதவில் கொவ்வைக்கொடி ஏறியிருந்தது. அவள் கொண்டியை இழுத்தாள். அது அசையவில்லை. தியாகராசா இறங்கிப் போனார். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து ஆட்டினார்கள். கொடி அறுந்தது, கொண்டி எழும்பியது, தொய்ந்துபோன கதவு நிலத்தை உரஞ்சிக்கொண்டு உள்நோக்கித் திறந்தது.

அவர் வந்து ஏறித் திறப்பைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கார் பிடித்தது. சுபாஸ் கடைக்குள் போய்விட்டான். கார் உள்ளே போய் மாமரத்துக்குக் கீழே மறுபடி நின்றது.

"ஏனப்பா, அந்த இடத்திலை மண்ணே இல்லை, இன்னும் என்னத்தைக் கூட்டுறாய்?" என்றார் இளையதம்பி பின்னால் வந்து.

நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கார்ச் சத்தமும் இல்லை, மெசின் சத்தமும் இல்லை. திறந்த படலைக்குள் மண்ணில் கதவு கீறின அரைவட்டம் புதிதாகத் தெரிந்தது. அதற்கு மேலால் ரயர்த் தடம் உள்ளே போயிருந்தது. வெளியே வந்த தடம் ஒன்றும் இல்லை.