இணைச்சீர்க்காரி

கொங்கு ஆட்கள் நாயை விரட்டும்போதுகூட "போங்க" என்பார்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பெற்ற அம்மாவை விட்டால், என் வாயில் அந்த 'ங்க' வராத ஒரே ஆள் என் தம்பி மனோஜ்குமார்தான். எனக்கும் அவனுக்கும் பதினொரு வயது வித்தியாசம். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளைக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? "வாடா கண்ணு", "போடா கண்ணு", அவ்வளவுதான்.

அவன்தான் வியாழக்கிழமை தோறும் என்னைப் பல்லடத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் காரில் கூட்டிப்போவான். படம் வரைய வைத்து மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இடம் ஒன்று அங்கே இருக்கிறது. முதல் நாள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாதக்கணக்காகத் தூக்கமில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வீங்கிக் கிடக்கிறது, இவர்கள் என்னடாவென்றால் எல்கேஜி பிள்ளைக்குக் கொடுப்பதுபோலக் கிரேயான் டப்பாவை நீட்டுகிறார்கள்.

"எனக்குக் கோழிக்குத் தீவனம் வெக்கத்தானுங்க தெரியும். படமெல்லாம் வராது" என்றேன்.

"வரையத் தெரியாதவங்களுக்குத்தாங்க இந்த இடம்" என்றாள் யுஸ்ரா. அங்கே வைத்தியம் பார்க்கிறவள் அவள்தான். உக்கடத்துப் பெண், முப்பது வயதிருக்கும். "அழகா வரணும்னு இல்லைங்க. இங்க வரையறது உங்களோடது. உங்களைக் கேக்காம யாருக்கும் காட்ட மாட்டேன்."

மூன்று வாரம் வெறும் கிறுக்கல்தான். அழுத்திய அழுத்தில் சிவப்புக் கிரேயான் இரண்டாக உடைந்தது. அவள் இன்னொன்றை எடுத்து வைத்தாளே தவிர, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்குத் திரும்பும்போது சூலூர் வருவதற்குள் காரிலேயே தூங்கிப்போனேன். தம்பி பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டியிருக்கிறான். என்ன பிள்ளை இவன் என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஏழாவது வாரம்தான் ஆள் உருவம் வந்தது. மாலை போட்ட மாப்பிள்ளை ஒருவன். அவனை ஒட்டி, கையில் மூங்கில் கூடையோடு அரக்குச் சேலைக்காரி ஒருத்தி. பின்னால் வயசான பொம்பளை ஒருத்தி. அந்தக் கடைசி முகத்தின்மேல் மட்டும் கருப்புப் பெயிண்டைக் குழைத்து அப்பினேன்.

யுஸ்ரா வெகுநேரம் பார்த்தாள். "தப்பா இருந்தா சொல்லுங்க. இது உங்க கல்யாணமுங்களா? பொண்ணு நீங்கதானே?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆள் ஒருவரும் இப்படிக் கேட்கமாட்டார்கள். கூடையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். "ஐயோ அம்மணி, அது பொண்ணு இல்லீங்க, அக்கா! இணைச்சீருங்க!" என்றேன். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவள் அழுதுகொண்டுதான் முடித்தேன்.

எங்கள் கல்யாணங்களில் தாலிக்கு முன்னால் மாப்பிள்ளையின் பக்கத்தில் கூடப்பிறந்தவள் கூடையோடு நிற்கவேண்டும். அந்தச் சடங்குதான் இணைச்சீர். போன தை மாதம் மனோஜுக்குக் கல்யாணம். அவனுக்கு நான் ஒரே அக்கா. அரக்குச் சேலை எடுத்து, ரவிக்கை தைத்துத் தயாராக இருந்தேன். கல்யாணத்துக்கு முதல்நாள் அம்மா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டாள். "பெரியப்பா மவ நிக்கட்டும் கண்ணு. நீ ஒதுங்கிக்க" என்றாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் செத்து இரண்டு வருஷம் ஆகிறது, வேறென்ன காரணம் வேண்டும்? மேடையில் அவள் நின்றாள். நான் பந்தியில் ரசம் ஊற்றினேன். யார் கேட்டாலும், "நானேதானுங்க வேண்டாம்னேன்" என்று சிரித்தேன். அன்றைக்குக் கடித்த பல்லுதான். அதற்கப்புறம் எட்டு மாதமாக அம்மாவோடு பேச்சில்லை.

யுஸ்ரா தண்ணீர் கொடுத்தாள். "இப்ப எப்படி இருக்குங்க?"

தாடையைத் தொட்டுப் பார்த்தேன். "வலி இல்லீங்க" என்றேன். எனக்கே அதிசயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மனோஜ் மேலே வந்து கதவைத் தட்டினான். படத்தை மடக்கிவைக்கப் போன யுஸ்ராவை நான்தான் தடுத்தேன். அவன் பக்கத்தில் நிற்க எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்று அவனாவது பார்க்கட்டும் என்றிருந்தது.

பார்த்தான். கூடையைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது.

"அம்மா மூஞ்சில ஏங்க்கா கருப்பப் பூசிப்போட்டீங்க? அம்மா பாவமுங்க்கா. உங்களைத்தான் நிறுத்தோணும்னு அன்னிக்கு எங்கூட எம்புட்டுச் சண்டை..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"யாருகூட?" என்றேன்.

தலையைக் குனிந்தான்.

"யாருகூடடா?"

"எங்கூடத்தானுங்க்கா. மாமாவுக்கு அப்படி ஆயிப்போச்சா... எனக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு பயந்துபோட்டேன். தப்புத்தானுங்க்கா. அதுக்குத்தான் வாராவாரம் லீவைப் போட்டு நானே உங்களை..."

நம்பவைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்களே, அதுதான். நான் ஊட்டிய சோற்றைத் தின்று வளர்ந்தவனுக்கு என் நிழல் ஆகவில்லை. பெற்றவளை விட்டு அதைச் சொல்லவைத்தான். எட்டு மாதம் நான் அவளைக் கரித்துக்கொட்டியதைக் கேட்டுக்கொண்டு, "விடுங்க்கா, பெரியவங்க அப்படித்தான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னான். பாவி!

போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லிப்போட்டானா?" என்றாள்.

"நீ ஏம்மா சொல்லலே? பேச்சில்லாமக் கெடந்தனே, அப்பக்கூட ஏன் சொல்லலே?"

"எம்மேல கோவிச்சுக்கிட்டீன்னா நான் தாங்கிக்குவேன். நான் இன்னும் எத்தனை நாளைக்கு? அவன்மேல கோவிச்சுக்கிட்டா, நாளைக்கு உனக்குப் பொறந்த ஊடுன்னு ஏது கண்ணு?"

"அதை நீயே முடிவு பண்ணிக்குவியா? ரெண்டு பேரும் சேந்து என்னைய முட்டாளாக்கிப் போட்டீங்களேம்மா!" என்று கத்தினேன். அவள் அழுதாள். நான் போனை வைத்தேன்.

வைத்த கையோடு யுஸ்ராவிடம் பிரஷ் கேட்டேன். கருப்பின்மேல் மாநிறத்தைக் குழைத்துப் பூசினேன். இரண்டு தரம் பூசியும் அடியில் கருப்புத் தெரிந்தது. இருந்தாலும் கண் வைத்தேன், மூக்கு வைத்தேன், மூக்குத்தியும் வைத்தேன். முழுசாக வரவில்லை, ஆனாலும் அம்மாதான் என்று தெரிந்தது. மாப்பிள்ளையை நான் தொடவேயில்லை.

மனோஜ் அதுவரை கதவோரமே நின்றிருந்தான். "கார் கீழ நிக்குதுங்க்கா. போலாமா?" என்றான்.

"நீங்க போங்க" என்றேன்.

யுஸ்ராவுக்கு அது சாதாரணமாகத்தான் பட்டிருக்கும். ஊரில் எல்லாரும் எல்லாரையும் சொல்வதுதானே. ஆனால் அவனுக்கு அறை விழுந்தமாதிரி இருந்திருக்கவேண்டும். இரண்டு எட்டு வந்து என் கையைப் பிடித்தான்.

"அக்கா, என்னைய நாலு அடி அடிச்சுப்போடுங்க்கா. டா போட்டுத் திட்டுங்க்கா. இப்படி மட்டும் பேசாதீங்க்கா."

கையை விடுவித்துக்கொண்டு படத்தைச் சுருட்டினேன்.

"அம்மாவைப் பார்க்க நான் பஸ்ஸுல போய்க்கறனுங்க. நீங்க பார்த்து ஓட்டுங்க" என்றேன்.