பெயர் எழுதாத கடிதம்

"பேரு வர்ற இடத்தைக் காலியா விட்டுடுங்க சார். யாருன்னு இப்போ சொல்லக் கூடாதுன்னு மேலேர்ந்து உத்தரவு" என்றேன்.

அகராதி என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருந்தவர் தலையாட்டிவிட்டுப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினார். எல்லோரும் கணினியில் தட்டுகிற அலுவலகத்தில் முதல் படியைக் கையால் எழுதுகிற ஒரே ஆள் அவர்தான். எழுதப்போவது ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். நிறுத்தப்படப்போகிறவர் அவரேதான். மேலாளருக்கும் எனக்கும் அது தெரியும். அவருக்குத் தெரியாது.

எங்களுடையது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதப் பிரிவு. புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்கும் கடை எரிந்து தெருவில் நிற்பவர்களுக்கும், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதிப் பிழைக்கிறோம். அடித்துவிட்டுத் தைலம் தடவுகிற வேலை. அகராதி அதில் கைதேர்ந்தவர். சிக்கலான கடிதம் எது வந்தாலும் "அகராதிகிட்ட தள்ளு" என்பதுதான் இங்கே நடைமுறை. அவர் எழுதிய மறுப்பைப் படித்துவிட்டு ஒரு விதவை நன்றி சொல்லிப் பதில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவருடைய ஆங்கிலம் பழைய சட்டை. துவைத்து, இஸ்திரி போட்டு, பளிச்சென்று இருக்கும். காலர் மட்டும் முப்பது வருஷத்துக்கு முந்தையது. 'யுவர் குட் செல்ஃப்' என்பார். 'ஐ பெக் டு ஸ்டேட்' என்பார். அப்படிப்பட்ட வரிகளைப் பொறுக்கி ஒரு கோப்பில் சேர்த்து, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு உரக்கப் படிக்கிற வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவன் நான். எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டோம். பிரிவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவரும் சிரிப்பார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நைஸ்னா ஒரு காலத்துல முட்டாள்னு அர்த்தம், தெரியுமா? சில்லின்னா பாக்கியசாலி. கடைசியில எங்க போய் நிப்போம்னு வார்த்தைக்கே தெரியாது சார்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேலிக்கு ஆளானவன் கொஞ்சமாவது கூச வேண்டாமா?

போன மாதம் கடிதங்களைத் திருத்தும் மென்பொருள் வந்தது. மூத்தவர்கள் இரண்டு பேர் எதற்கு, ஒருவர் போதும் என்றது தலைமை அலுவலகம். மூத்தவர்கள் என்றால் நானும் அவரும்தான். இருவருடைய கடிதங்களிலும் மாதிரி கேட்டார் மேலாளர். என்னுடையதில் நல்லதாகப் பத்து கொடுத்தேன். அதில் நாலு அவர் திருத்திக் கொடுத்தவை. அவருடையதற்கு மூன்று வருஷத்து வெள்ளிக்கிழமைக் கோப்பை அப்படியே கொடுத்தேன். மேலாளர் மூன்று பக்கம் புரட்டிச் சிரித்தார். அவ்வளவுதான், முடிந்தது.

வெட்கமாக இருந்ததா என்றால், இருந்தது. வேலை போயிருந்தால் அதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

"லெட்டரை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்று மேலாளர் என் தலையில் கட்டிவிட்டார். இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஒரு முறை கன்னத்தில் அறைந்த மாதிரி வந்தது, மறுமுறை பிறந்தநாள் வாழ்த்து மாதிரி வந்தது. வேறு வழி தெரியவில்லை. அகராதியிடம் தள்ளினேன்.

"எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று கேட்டார்.

"இருபது இருக்கும்."

"குடும்பம்?"

"ரெண்டு பொண்ணுங்க."

"எனக்கும் ரெண்டுதான். மூத்தவ படிப்பு முடியவே இன்னும் ரெண்டு வருஷம் ஆகும். இந்த வயசுல வெளிய போனா யாரு சார் கூப்பிட்டு வேலை குடுப்பா? பாவம், அந்த மனுஷன்."

எழுத ஆரம்பித்தார். நடுவில் நிமிர்ந்து, "ரிடண்டன்ட்னு போடவே கூடாது சார். ஆத்துல தண்ணி நிரம்பி வழியுதே, அந்த மாதிரி இருக்கறதுக்குச் சொன்ன வார்த்தை. இப்போ வேண்டாத ஆளுன்னு ஆயிடுச்சு. 'லெட்டிங் யூ கோ'வும் வேணாம். போக விடறோமாம்! ஏதோ அவன் காலைப் புடிச்சுக் கெஞ்சின மாதிரி. நாங்கதான் அனுப்பறோம், உங்க மேல தப்பு இல்லன்னு நேராவே சொல்லிடுவோம். அந்த மரியாதையாவது அவருக்குக் குடுக்கணும்" என்றார்.

"சரி சார்" என்றேன்.

மொத்தம் ஆறு வாக்கியம். பழைய காலர் எங்குமே தெரியவில்லை. இப்படியும் எழுத வருமா இந்த ஆளுக்கு என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. இது மாதிரி ஒன்றை அந்தக் கோப்பில் வைத்திருந்தால் இன்று நான்தான் மூட்டை கட்டியிருப்பேன்.

"எப்போ குடுக்கறாங்க?"

"இன்னைக்கே. பதினோரு மணிக்கு, சின்ன மீட்டிங் ரூம்ல. என்னையே குடுக்கச் சொல்லிட்டாரு."

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நானும் கூட இருக்கட்டுமா சார்? இந்த மாதிரி லெட்டரைத் தனியா வாங்கினா மனுஷன் உடைஞ்சுடுவான். பக்கத்துல ஒரு ஆள் இருந்தா நல்லது."

"இருங்க சார்" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

கடிதத்தைக் கணினியில் ஏற்றினேன். மென்பொருள் ஒரு வார்த்தைக்குக்கூடச் சிவப்புக் கோடு போடவில்லை. காலி இடத்தில் அவருடைய முழுப் பெயரை அடித்தேன். இருபது வருஷத்தில் அந்தப் பெயரை நான் எழுதியதே இல்லை. எழுத்துப்பிழை வந்துவிடக் கூடாதே என்று அடையாள அட்டைப் பட்டியலை எடுத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

நான் போனபோது அகராதி எனக்கு முன்பே அறைக்குள் இருந்தார். நடைவழியில் போகிறவர்களுக்கு முகம் தெரியாதபடி நாற்காலி ஒன்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருந்தார். மேஜைமேல் ஒரு தம்ளர் தண்ணீர், தூசி விழாமல் இருக்க அதன்மேல் ஒரு காகிதம். நாற்காலிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டு இருக்காரா?"

"உக்காருங்க சார்" என்றேன்.

"அய்யோ, வேணாம் சார். இது அவருக்குப் போட்டது" என்று சொல்லிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கதவைச் சாத்தினேன்.