பெயர் சொல்லாப் பூண்டு

“இந்தப் பூண்டின்ர பேரை ஐயாவுக்கு முன்னாலை சொல்லுங்கோ, பரியாரியார்!”

கேட்கவே கூடாதென்று சிறுபருவந்தொட்டுத் தடுக்கப்பட்டிருந்த அதனை விமலேஸ்வரி கேட்ட வேளையில், கார்த்திகைத் திங்களின் முகில்கள் உடையார்கட்டுக் குளத்தின்மேல் கருயானைத் திரளெனக் கவிந்து, பாலைமர உச்சிகளை உரசி, முளைவிட்ட நெல்வயல்களை நனைத்துக்கொண்டிருந்தன. குளம் நிரம்பி வான்பாய்ந்தால் அக்கரையிலிருந்து நாட்டு வைத்தியரான பரியாரியார் மயில்வாகனம் வருதற்கு வழியிராது. அவர் கையாலன்றி மருந்துண்ணேன் என்றிருந்த தந்தை வீரகத்தியின் கண்களிலோ, செங்கமாரி என்னும் மஞ்சட்காமாலை ஆவரம்பூவின் நிறத்தைப் பூசி, உள்ளே ஈரலை அரித்துக்கொண்டிருந்தது.

மூலிகைப் பூண்டுக்கு மஞ்சள்நூற் காப்புக் கட்டி, வாய்திறவாமற் பிடுங்கி, துணியால் மூடிக் கொணர்வது பரியாரியாரின் முறைமை. பெயர் வெளிப்படின் மருந்தின் ஆற்றல் அகன்றுவிடும் என்பது ஊரார் துணிபு. தன் குடியில் முதன்முதற் பட்டம்பெற்று, செடியியல் கற்று மீண்டவளுக்கோ, அதனை இனங்காண, அரைபடாது எஞ்சிய ஓர் இலையே போதுமானதாயிற்று.

“பேர் சொன்னால் மருந்து செத்துப்போகும், பிள்ளை.”

“சாகப்போறது மருந்தில்லை, ஐயாதான்! வெள்ளத்துக்கை நீங்கள் வராட்டில் நான் அரைச்சுக் குடுத்தால் குடிப்பாரோ? நீங்களே பேரைச் சொன்னால்தான் என்ர கையையும் நம்புவார். இது கீழ்காய்நெல்லி. போதுமே?”

வீரகத்தி, மோரிற் கலந்த மருந்துச் சிரட்டையை நிலத்தில் வைத்தார். “உன்ர நாக்கிலை நெருப்பு வைக்க! இனி இது வெறும் புல்லு. எனக்கு வேண்டாம்.”

மயில்வாகனம் அவளை ஒருகணம் நோக்கி, பின் உரக்க நகைத்தார்.

“இவ்வளவு படிச்சும் பூண்டு தெரியேல்லையே? வீரகத்தி, பிள்ளை பிழையான பேரைச் சொல்லிப்போட்டுது. மருந்து உயிரோடதான் இருக்கு. குடியும்.”

தான் சொன்ன பெயரே சரியென்று அறிந்த விமலேஸ்வரிக்குச் சினம் மூண்டது. ஆயினும் வாழ்நாளெல்லாம் தன் முறைமையை மீறாத அம்முதியவர், தந்தையின் உயிருக்காகவே தன் முதற்பொய்யைச் சொல்லிவிட்டு, சிரட்டையை எடுத்து அவர் கையில் கொடுப்பதைக் கண்டாள்.

“ஓம் ஐயா. நான்தான் பிழைவிட்டிட்டன்.”

“நெல்லுக்கும் புல்லுக்கும் பேதம் தெரியாத பட்டதாரி!” என்று எள்ளி நகைத்தவாறே தந்தை அடிமண்டிவரை பருகினார்.

“வெள்ளம் வடியுமட்டும் இவளே பிடுங்கி அரைக்கட்டும்,” என்றார் மயில்வாகனம். “செடியைக் காட்டிவிடுறன், பேர் சொல்லமாட்டன்.” வீரகத்தி தலையசைத்தார்.

உண்மையை மறைத்ததற்காக அவள் தன்னை மெச்சிக்கொள்ளவில்லை, சினமும் ஆறவில்லை. தந்தையின் கண்கள் மஞ்சள் நீங்கி வெளுக்குமட்டுமே இப்பொய்க்கு வாழ்வு. வெளுத்த அன்றே, வரப்பில் நிற்போர் யாவரும் கேட்க, தந்தையின் முன்னிலையில் அப்பெயரை உரைப்பதென்று உறுதிபூண்டவளாய்க் பனையோலைக் கடகத்தை இடுப்பில் ஏந்தி, பரியாரியாருக்கு முன்னே மழையில் இறங்கி நடந்தாள்.